கைக்குழந்தையோடு இசைக்குழுப் பயணம்: போகலாமா?

நீங்கள் இரண்டாவது வயலின் பிரிவில், உங்கள் கணவர் குழுவின் ஒரே பஸ்ஸூன் (தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் நீண்ட மரக்குழல் வாத்தியம்) கலைஞர். பயணத்தின்போது குழந்தைக்கு ஐந்து மாதம் முடிந்திருக்கும். நாற்பது பேர், ஒன்பது நாள், ஐந்து கச்சேரி. முதலில் விமானம், அதன்பின் ஊருக்கு ஊர் பஸ். "தாராளமாகக் கூட்டி வாருங்கள், நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்" என்று குழுவினர் சொல்கிறார்கள். போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம். ஆனால் அந்த வாக்கை நம்பிக் கிளம்பாதீர்கள். அவர்கள் மனதாரத்தான் சொல்கிறார்கள். சாப்பாட்டு மேசையிலும் விமான நிலைய வரிசையிலும் குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஆளுக்கு ஆள் முந்துவார்கள். உங்களுக்கு ஆள் வேண்டியிருக்கும் நேரம் அதுவல்ல. ஒத்திகையின்போதும் கச்சேரியின்போதும் கச்சேரி முடிந்து கருவிகளை ஏற்றும்போதும் நீங்கள் இருவரும் மேடையில் இருப்பீர்கள். பார்த்துக்கொள்வதாகச் சொன்ன அத்தனை பேரும் உங்கள் பக்கத்து நாற்காலிகளில் இருப்பார்கள். இசைக்குழுக்களின் பயணங்களை ஏற்பாடு செய்வது என் தொழில். குழந்தையோடு வந்தவர்கள் திண்டாடியதை நான் பார்த்ததெல்லாம் இந்த ஓட்டையில்தான்.

ஆகவே டிக்கெட், தொட்டில், டயப்பர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு பெயர் வேண்டும்: கருவி எதையும் தொடாமல், குழந்தைக்காக மட்டுமே வரும் ஒரு பெரியவரின் பெயர். உங்கள் அம்மா, மாமியார், தங்கை, கணவரின் அண்ணன், சம்பளத்துக்கு அமர்த்தும் ஒருவர், யாராகவும் இருக்கலாம். இசை நடத்துநரின் மனைவி வருகிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கு உதவாது. அவர் கச்சேரி கேட்க வருகிறார். பெயர் கிடைக்கவில்லை என்றால் உங்களில் ஒருவர் வாசிக்கட்டும், மற்றவர் குழந்தையோடு கூட வரட்டும். அதுவும் நல்ல பயணம்தான். இருவரும் வாசிப்போம், இடையில் எப்படியோ சமாளிப்போம் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

அந்தப் பெரியவர் கிளம்பும் நாளில் குழந்தைக்குப் புதுமுகமாக இருக்கக் கூடாது. பயணத்துக்கு மூன்று, நான்கு வாரம் முன்பிருந்தே சில மாலைகளை அவரிடம் விடுங்கள். அந்த நேரத்தில் பாட்டிலில் பால் கொடுப்பது அவர் வேலையாக இருக்கட்டும். தாய்ப்பால் மட்டுமே பழகிய குழந்தை பாட்டிலை முதல் நாளே வாங்கிக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. அம்மா பக்கத்தில் இருந்தால் பாட்டிலைத் தள்ளிவிட்டு, அவர் கண்ணில் படாதபோது வேறொருவரிடம் குடிக்கும் குழந்தைகள் நிறைய. இதை வீட்டில் கண்டுபிடிப்பது நல்லது. கச்சேரி அரங்கத்தின் பின்னறையில் கண்டுபிடிக்க வேண்டாம்.

வயதைப் பற்றிய கவலையை ஓரளவு விட்டுவிடலாம். பிறந்து சில வாரமே ஆன குழந்தையென்றால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஐந்து மாதம் உண்மையில் தோதான வயது. பால்தான் உணவு, பெரும்பாலும் இன்னும் தவழாது, தோளில் கட்டிக்கொண்டு நடக்கலாம். தவழத் தொடங்கி, புதியவர்களைப் பார்த்தால் வீறிட்டு அழும் எட்டு, ஒன்பது மாதக் குழந்தையோடு இதே பயணத்தைச் செய்வது இரட்டிப்புக் கஷ்டம். பயணத்தைத் தள்ளிப்போட்டால் எளிதாகும் என்று நினைத்திருந்தால், ஆகாது.

இனி ஒலி. பெற்றோர் அதிகம் யோசிக்காமல் விடுவது இதைத்தான். இசைக் கலைஞர்களுக்கு உரத்த ஒலி பழகிப்போயிருப்பது ஒரு காரணம். பணியிடங்களில் பெரியவர்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு வரம்பு 85 டெசிபல், எட்டு மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். 88 என்றால் நான்கு மணி நேரம், 91 என்றால் இரண்டு. 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். முழு இசைக்குழு உச்சத்தில் வாசிக்கும்போது பித்தளைக் கருவிகளுக்கு முன்னால் 100 டெசிபலைத் தாண்டுவது புதிதல்ல. இந்த வரம்புகளும் வளர்ந்த தொழிலாளர்களை மனதில் வைத்து வகுக்கப்பட்டவை. குழந்தையின் காதுக்குழாய் சிறியது, குட்டையானது. அதனால் அது பெரியவர்களின் காதைவிட உயர்ந்த அதிர்வெண்களை அதிகமாகப் பெருக்கிக் கொடுக்கிறது. பிக்கலோ என்ற சிறு புல்லாங்குழல், ஜால்ரா, வயலினின் மேல் தந்தி போன்றவற்றின் கூர்மையான ஒலிகள் நமக்குக் கேட்பதைவிட அதன் செவிப்பறையில் பலமாக விழும். உட்காதின் மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எழுந்து வெளியே போகவும் குழந்தையால் முடியாது.

அரங்கத்தைவிட ஒத்திகை அறை மோசம். அறை சிறியது, சுவர்கள் நெருக்கம், ஒரே உச்சப் பகுதியைப் பத்துத் தடவை திருப்பி வாசிப்பீர்கள். "ஒத்திகைதானே, ஓரமாக வண்டியை நிறுத்திக்கொள்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கருவி ஏதும் இல்லாமல் ஒலியளவைத் தோராயமாக அறிய ஒரு வழி உண்டு: கை எட்டும் தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அங்கே ஏறக்குறைய 85 டெசிபல் இருக்கிறது என்று கொள்ளலாம். குழந்தைக்கு அந்த இடம் வேண்டாம். கைப்பேசியில் உள்ள ஒலிமானிச் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனாலும் இந்த அறை பரவாயில்லையா, மோசமா என்பதைச் சொல்ல அவை போதும்.

தலைக்கு மேல் பட்டையோடு இரு காதுகளையும் மூடும், குழந்தைகளுக்கென்றே செய்த காதுமூடியை வாங்கிக்கொள்ளுங்கள். நல்லதாக இருந்தால், சரியாகப் பொருந்தினால், 20 டெசிபல் அளவுக்குக் குறைக்கும். காதுக்குள் திணிக்கும் பஞ்சு, நுரை அடைப்பான்கள் கூடவே கூடாது. கழன்று வாய்க்குப் போனால் தொண்டையில் அடைக்கும். காதுமூடியைக் கடைசி நாள் பெட்டியில் போடாமல் இப்போதே வீட்டில் ஐந்து ஐந்து நிமிடமாகப் பழக்குங்கள். பட்டை மண்டையை அழுத்தும் என்பதால் மணிக்கணக்கில் போட்டுவைக்க வேண்டாம். அதைப் போட்டபடி தூங்கவும் விட வேண்டாம். காதுமூடி இருக்கிறதே என்று ஒலிபெருக்கி அருகே போய் உட்காருவதும் தவறு. தூரம்தான் முதல் பாதுகாப்பு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். மூடிய அரங்கத்தில் எதிரொலி அந்தப் பலனைத் தின்றுவிடுவதால் கதவுக்கு வெளியே இருப்பதே மேல்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். உரத்த இசைக்கு நடுவே குழந்தை அயர்ந்து தூங்கிவிட்டால் "பாருங்கள், அதற்கும் பிடித்திருக்கிறது" என்று சுற்றியிருப்பவர்கள் மகிழ்ந்துபோவார்கள். தூங்குகிறது என்பது அந்த ஒலி பாதுகாப்பானது என்பதற்குச் சான்று ஆகாது. தூங்கும் காதும் ஒலியை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இன்னொன்று, கடைசிக் கச்சேரியின் முடிவில் குழந்தையை மேடைக்கு அழைத்து வந்து காட்டலாம் என்று யாருக்காவது நிச்சயம் தோன்றும். நிரம்பிய அரங்கின் கைதட்டல் எவ்வளவு உரத்தது என்பது மேடையில் நிற்கும் உங்களுக்குத் தெரியும். படம் வேண்டுமானால் மறுநாள் காலையில் எடுத்துக்கொள்ளட்டும்.

தங்கும் அறையில் பயிற்சி செய்ய நேர்ந்தால் வயலினுக்கு ஒலியைக் குறைக்கும் கனமான பயிற்சி மியூட் போட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸூனுக்கு அந்த வசதி இல்லை. கணவர் அரங்கத்துக்கு முன்கூட்டியே போய் வாசிக்கட்டும். ஐந்து மாதக் குழந்தை கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் என்பதால் ரீடுகள் (பஸ்ஸூனின் ஊதுநாக்குகள்), ரோசின் கட்டி (வில்லில் தேய்க்கும் பிசின்), கார்க் கிரீஸ் டப்பா, தந்தி உறை எல்லாம் மூடிய பெட்டிக்குள் போக வேண்டும்.

அடுத்து, கச்சேரி நாளின் மணிக்கணக்கு. ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். ஒன்றில் குழுவின் நேரம்: அரங்கத்தை அடைவது, மேடை அமைப்பு, ஒலிச் சோதனை, சாப்பாடு, உடை மாற்றம், முதல் பகுதி, இடைவேளை, இரண்டாம் பகுதி, கருவிகளைக் கட்டி ஏற்றுவது. மற்றதில் குழந்தையின் நேரம்: பால், தூக்கம், பால். பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கினால் இரவு பத்தரைக்குத்தான் முடியும். அதற்குள் குழந்தைக்கு இரண்டு, மூன்று தடவை பசிக்கும். மேடை உடைக்கு மாறுவதற்குச் சற்று முன்பு நீங்களே பால் கொடுத்துவிடுங்கள். இடைவேளையை நம்பாதீர்கள். அது 15 அல்லது 20 நிமிடம் என்று நிகழ்ச்சித் தாளில் இருக்கும். மேடையிலிருந்து இறங்கி, வயலினைப் பத்திரப்படுத்தி, நடைபாதைகளைக் கடந்து அறையை அடையவே ஐந்து நிமிடம் போய்விடும், திரும்பி வந்து சுருதி சேர்க்க இன்னொரு ஐந்து. அந்த வேளைப் பாலைப் பெரியவர் பாட்டிலில் கொடுப்பதே நிதானமான ஏற்பாடு. இடைவேளையில் உங்களால் குழந்தையை ஒருமுறை தூக்க முடிந்தால் அது உபரி.

நீங்கள் பால் கொடுக்காமல் விட்ட வேளைக்கு உடம்பு கணக்கு கேட்கும். மார்பு கட்டிக்கொள்ளும், இது பல நாள் தொடர்ந்தால் வீக்கமும் காய்ச்சலும் வரலாம். பால் எடுக்கும் பம்ப்பைக் கையோடு வைத்துக்கொண்டு ஒலிச் சோதனைக்கும் கச்சேரிக்கும் நடுவில் ஒருமுறை பயன்படுத்துங்கள். அதற்குப் பூட்டக்கூடிய ஓர் அறை வேண்டும் என்று ஐந்து அரங்கங்களுக்கும் முன்னதாகவே எழுதச் சொல்லுங்கள். கழிப்பறையைக் காட்டுவார்கள், அது வேண்டாம் என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். அவையிலிருந்து ஏதோ ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டாலே பால் சுரக்கத் தொடங்கும். உறிஞ்சு பட்டைகளும் முன்பக்கம் திறக்கும் கறுப்பு உடையும் உங்களைக் காப்பாற்றும். மேடை உடை கறுப்பாக இருப்பதன் அருமை அன்று தெரியும்.

எடுத்த பால் 25 டிகிரி செல்சியஸ் வரையான அறையில் நான்கு மணி நேரம், ஃப்ரிட்ஜில் நான்கு நாள், உறைந்த பனிக்கட்டிப் பொதிகள் வைத்த பையில் 24 மணி நேரம் தாங்கும். வெயிலில் நிற்கும் பஸ்ஸின் உள்ளே அறை வெப்பநிலை இருக்காது என்பதை மறக்க வேண்டாம். மாவுப் பால் கொடுப்பதானால் அதைக் கலக்கும் நீர் குறைந்தது 70 டிகிரி சூடாக இருந்து, பிறகு ஆற வேண்டும். கலந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு நல்ல வெந்நீர்க் குடுவை இந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். விமான நிலையச் சோதனையில் திரவங்களுக்கு 100 மில்லி வரம்பு இருக்கும் இடங்களிலும் குழந்தைக்கான பாலுக்குப் பொதுவாக விலக்கு உண்டு. பையிலிருந்து தனியாக எடுத்துக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குழந்தையோடு பறப்பவர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான் உங்களுக்கும். ஏறும்போதும், அதைவிட முக்கியமாக இறங்கத் தொடங்கும்போதும், குழந்தை எதையாவது சப்பிக்கொண்டிருந்தால் காதடைப்பு குறையும். தரையைத் தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் இறங்கத் தொடங்குகிறது. பாலை அதற்காக வைத்திருங்கள். வெளிநாடு என்றால் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் தேவை, பயணக் காப்பீட்டில் அதன் பெயரும் இருக்க வேண்டும். உங்களுக்கென்று உள்ள சிக்கல் கைகளின் எண்ணிக்கை. வயலின், பஸ்ஸூன், குழந்தை, தள்ளுவண்டி, கார் இருக்கை, பால் பை. இருவருக்கும் சேர்த்து நான்கு கைகள். வயலின் பெட்டி முதுகில், குழந்தை மார்பில் கட்டிய பையில் என்று ஒருமுறை வீட்டிலேயே நடந்து பாருங்கள். தொகுப்பு டிக்கெட் எடுப்பவர் நாற்பது பேரையும் அகர வரிசையில் உட்காரவைத்துவிடுவார். நீங்கள் மூவரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

பஸ்ஸைப் பற்றித்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு ஆகாது. மோதலின் வேகத்தில் எந்தத் தாயின் கைகளும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை வேண்டும், அதற்கெனப் பஸ்ஸில் ஓர் இடம் வேண்டும். நாற்பது இருக்கைப் பஸ்ஸை நாற்பது பேருக்குப் பேசி முடித்துவிட்டால் அந்த இடம் இருக்காது. குழந்தை இருக்கைகள் பலவற்றுக்கு மூன்று முனைப் பெல்ட் தேவைப்படும். பஸ்களில் பெரும்பாலும் இடுப்புப் பெல்ட் மட்டுமே இருக்கும். எந்தப் பெல்ட் இருக்கிறது என்று பஸ் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், அதற்குப் பொருந்தும் இருக்கையைக் கொண்டுபோங்கள். இடையில் கார் அமர்த்தினால், காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். குழந்தையின் தலைக்கு மேல் உள்ள தட்டில் டிரம்பெட் பெட்டியோ இசைத்தாள் நிறுத்திகளோ இருக்கக் கூடாது. ஒரு திடீர் பிரேக் போதும்.

அந்த இருக்கையில் குழந்தை சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கும்போது தாடை நெஞ்சில் பதிந்து மூச்சுவழி குறுகலாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி வெளியே எடுங்கள். குழுவில் இருப்பவர்களுக்கும் கால் நீட்ட வேண்டும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். போய்ச் சேர்ந்ததும், "பாவம், தூங்கட்டும்" என்று இருக்கையோடு அறையில் வைத்துவிடாமல் சமதளமான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். விடுதியில் தொட்டில் உண்டா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். கச்சேரி முடிந்து நள்ளிரவில் களைத்து வரும்போது சோபாவில் குழந்தையை அணைத்தபடி கண்ணயர்வது மிக ஆபத்தானது. மது அருந்தியிருந்தால் ஒரே படுக்கையும் கூடாது. அறை, குழுவினர் கூடிப் பேசும் கூடத்துக்கு எதிர்க்கோடியில் இருந்தால் எல்லோருக்கும் நிம்மதி.

பயணக் குழுவில் ஒருவருக்குச் சளி பிடித்தால் மூன்றாம் நாள் பாதிப் பேருக்குப் பிடித்திருக்கும். ஆறு மாதத்துக்குள் குழந்தைக்கு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி போட முடியாது. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்வதுதான் அதற்குப் பாதுகாப்பு. கக்குவான் ஊசியையும் நீங்கள் இருவரும் பெரியவரும் மருத்துவரிடம் கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். குழந்தையைக் கைமாற்றி கைமாற்றிக் கொஞ்சுவதற்கும் முத்தத்துக்கும் மென்மையாக, ஆனால் முதல் நாளே தடை போடுங்கள். உதட்டில் கொப்புளம் உள்ளவர் கட்டாயம் விலகி இருக்க வேண்டும். நான் மருத்துவன் அல்ல. கிளம்பும் முன் உங்கள் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மூன்று முதல் ஆறு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல் 39 டிகிரியைத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குக் கீழே 38 டிகிரியே போதும். ஒவ்வோர் ஊரிலும் இரவில் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவமனை எது என்று எழுதிய தாள் பெரியவரின் பையில் இருக்கட்டும்.

உங்கள் உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தையைத் தூக்கித் தூக்கிக் கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் வலி வருவது புதுத் தாய்மாருக்குச் சகஜம். வயலின் வாசிப்பவருக்கு அது தொழிலையே பாதிக்கும். கட்டைவிரலை விரித்து அக்குளில் பிடித்துத் தூக்காமல், உள்ளங்கைகளை முதுகுக்கும் பின்புறத்துக்கும் அடியில் கொடுத்து அள்ளுங்கள். இப்போதே வலி இருந்தால் ஐந்து கச்சேரியையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, பெரியவருக்கே காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்? அந்த மாலையில் மேடை ஏறாமல் நிற்பது யார் என்பதை இப்போதே முடிவு செய்து இசை நடத்துநரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது வயலின் பிரிவில் ஒருவர் குறைந்தாலும் கச்சேரி நடக்கும். ஒரே பஸ்ஸூன் இல்லாவிட்டால் நிகழ்ச்சியையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே அது நீங்களாகத்தான் இருக்கும். உங்களுக்கு இது கசக்கும், நியாயமாகவே கசக்கும். அதற்கு ஈடாக, பஸ்ஸூன் வாசிப்பு இல்லாத உருப்படிகள் எவை என்று நிகழ்ச்சிப் பட்டியலில் பாருங்கள். தந்தி வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் உருப்படி ஒன்றாவது பெரும்பாலும் இருக்கும். அதன் தனி ஒத்திகைகளின்போது குழந்தை கணவரிடம் இருக்கட்டும், பெரியவர் ஓய்வெடுக்கட்டும். இரவுப் பாட்டிலும் கணவர் பொறுப்பு என்று சேர்த்தே பேசி முடித்துவிடுங்கள்.